உசிலம்பட்டியில் இறங்க வேண்டியவள்

அத்தியாயம் 14

அழகம்மாள் புளிச்சோற்றைக் கிளறி இறக்கியபோது வில்லாபுரத்துத் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. பிள்ளைகள் மூன்றும் அதற்குள் எழுந்துவிட்டிருந்தன. பள்ளிக்கூட நாளில் முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் எழாத மலையாண்டி, இன்று தானே பல் விளக்கி, தானே சட்டை மாட்டி, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

வைகை டேமுக்குப் போகிறார்கள். அரைப் பரீட்சை லீவு விட்டதிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மில்லில் ஃபிட்டராக இருக்கும் அவள் கணவன் சோணைமுத்து, கல்யாணத்துக்கு முன்னால் கூட்டாளிகளோடு அங்கே ஒருமுறை போய் வந்தவன். வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பூங்காவை வரைந்து காட்டுவான். இது டேம். இது ஆற்றுக்கு நடுவில் பாலம். இந்தப் பக்கம் ஊஞ்சல், அந்தப் பக்கம் சறுக்கு மரம். இதுதான் குட்டி ரயில் சுற்றி வரும் தண்டவாளம்.

முதலில் ரயிலா, சறுக்கு மரமா என்று ஒன்பது வயது வேலுத்தாய்க்கும் ஏழு வயது மலையாண்டிக்கும் தினமும் சண்டை நடக்கும். நாலு வயதுப் பவுனு மட்டும் சண்டைக்கு வரமாட்டாள். வரைந்த தண்டவாளத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான் போயிட்டு வந்துட்டேன்" என்பாள்.

அழகம்மாளும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டுதான் இருந்தாள். சோறு என்ன கட்டுவது, நனைந்தால் மாற்ற எத்தனை துணி எடுப்பது, தண்ணீர்ப் பக்கம் போனால் யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்று அவளும் திட்டம் போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம்தான் சோணைமுத்து மிச்சத்தையும் சொன்னான்.

"அண்ணனும் மதினியும் உசிலம்பட்டில நம்ம பஸ்ல ஏறிக்கிருவாங்க. எல்லாரும் சேர்ந்து போவோம். திரும்பையில, அவங்க இறங்கும்போது பவுனையும் கூட்டிட்டுப் போறாங்க."

"லீவுக்கா?"

அவன் தரையில் கிடந்த சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தான்.

"பொங்கலுக்குப் பிள்ளை அங்க இருக்கணும்னு அண்ணே நினைக்கிறாரு. ஜூன்ல அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருவாரு. நான் அன்னைக்கே சொல்லு குடுத்துட்டேன், அழகு."

அன்றைக்கு என்று அவன் சொன்னது, பவுனு பிறந்த வருடத்தை.

பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே அழகம்மாள் இருமலில் ரத்தம் கண்டாள். தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கைப்பிள்ளையைப் பக்கத்தில் விடவே கூடாது என்றார் டாக்டர். பெரிய பிள்ளைகள் இருவரும் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போனார்கள். பச்சைப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனவள் அன்னக்கொடி, சோணைமுத்துவின் அண்ணன் விருமாண்டியின் மனைவி. பெற்றதெல்லாம் தங்காமல் போனவள். ஆட்டுப்பாலைக் காய்ச்சி, துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, ஒரு வருடத்துக்கு மேல் பவுனை வளர்த்தாள். பிள்ளை குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், நின்றதும் அந்த வீட்டில்தான். முதல்முதலாக "அம்மா" என்றதும் அவளைப் பார்த்துத்தான்.

அந்த நாட்களில் சோணைமுத்து தன் மனைவி பிழைக்கமாட்டாள் என்றே நினைத்துவிட்டான். தாயும் தகப்பனும் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர் விருமாண்டி. தான் படிப்பை விட்டு ஏர் பிடித்து, தம்பியை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்தவர். அந்த அண்ணனிடம், ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று, "இந்தப் பிள்ளை உங்களுக்குத்தாண்ணே" என்று சொல்லிவிட்டான்.

அழகம்மாள் பிழைத்துவிட்டாள்.

உடம்பு தேறி வந்ததும் உசிலம்பட்டிக்குப் போய்ப் பிள்ளையைக் கேட்டாள். அன்னக்கொடி ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தாள். ஆனால் பவுனு வெகுநாள் வரை இவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வாசலைப் பார்த்து அழுதபடியே இருந்தாள். பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக்க அழகம்மாள் பட்ட பாடு வேறு யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு சொல் கொடுக்கப்பட்டிருந்தது, வியாழக்கிழமை வரை அவளுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. சோணைமுத்து அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

"பவுனு துணியெல்லாம் ஒரு பையில போட்டுரு" என்றான் இப்போது, அடுப்படி வாசலில் நின்றபடி.

"நீங்களே எடுத்து வைங்க."

அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் கவுன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க" என்றாள் அழகம்மாள். "பிள்ளைக்கு வேடிக்கை காட்டி, ஆடிக் களைச்சுத் தூங்கினதும் கை மாத்தி விடத்தான் இந்த டேமா?"

"அழுகாமப் போகணும்ல" என்றான் அவன், தலை நிமிராமல். "வீட்டுல வச்சுன்னா உன்னால முடியாது. என்னாலயும் முடியாது."

அதற்கு மேல் பேச நேரமில்லை. வாசலில் மலையாண்டி, "பஸ்ஸு போயிரும்மா" என்று கத்திக்கொண்டிருந்தான். சோணைமுத்து இரண்டு கவுனை மட்டும் எடுத்துப் பையில் வைத்துப் பெட்டியை மூடினான்.

பஸ் காளவாசலைத் தாண்டும்போது வெயில் ஏறியிருந்தது. ஜன்னலோரம் யாருக்கு என்பதில் திரும்பச் சண்டை. கடைசியில் மலையாண்டி முறுக்கிக்கொண்டு பின்சீட்டுக்குப் போனான். ஜன்னலோரம் கிடைத்தும் வேலுத்தாய் வெளியே பார்க்கவில்லை. தங்கச்சியைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாகப் பவுனு பாரம் என்று தள்ளிவிடுகிறவள்.

அழகம்மாளுக்குச் சுருக்கென்றது. வியாழக்கிழமை பேச்சு நடந்தபோது இந்தப் பிள்ளை எங்கே இருந்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

உசிலம்பட்டியில் விருமாண்டியும் அன்னக்கொடியும் தயாராக நின்றார்கள். விருமாண்டி வெள்ளைவேட்டி கட்டி, புதுத்துண்டு போட்டு, முகச்சவரம் செய்திருந்தார். கல்யாண வீட்டுக்கு வருகிறவர்போல இருந்தது. அன்னக்கொடி முன்பைவிட இளைத்திருந்தாள். ஏறினதும் ஏறாததுமாக, "என் தங்கம்" என்று கையை நீட்டினாள்.

பவுனு அக்கா மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். "பெரியம்மா, டேம்ல ரயிலு இருக்கு. நானு போயிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"எனக்கும் காட்டுவியா?"

"நீங்களும் ஏறலாம். அப்பா சொன்னாரு."

அன்னக்கொடி பிள்ளையைத் தூக்கி உச்சியை முகர்ந்தாள். அழகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆண்டிபட்டியில் இறங்கி வேறு பஸ் பிடித்து டேமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். அணையில் தண்ணீர் நிறைந்திருந்தது. மதகு வழியாக இறங்கிய தண்ணீரின் சத்தம் பூங்கா முழுக்கக் கேட்டது. எதையும் சத்தமாகச் சொன்னால்தான் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும். பேசாமல் இருக்க நினைத்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

பிள்ளைகள் நேராகக் குட்டி ரயிலுக்கு ஓடினார்கள். சின்னப் பிள்ளைகளைத் தனியாக ஏற்றமாட்டேன் என்றார் அங்கே நின்ற ஆள். அழகம்மாள் காலடி எடுத்து வைப்பதற்குள் பவுனு அன்னக்கொடியின் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

குட்டைப் பெட்டிக்குள் முழங்கால்கள் மார்பில் இடிக்க அன்னக்கொடி குறுகி உட்கார்ந்தாள். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. பவுனு ஒன்றுக்கு இரண்டு கையாக ஆட்டினாள். வளைவில் திரும்பி வரும்போது அன்னக்கொடி சிரித்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்குப் போட்டிருந்த முக்காடு விழுந்து, முடி பறந்து, வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அழகம்மாள் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"பாத்தியா" என்றான் சோணைமுத்து, மெதுவாக.

"பாத்தேன்."

அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் மனசில் வைத்திருந்த கோபமாவது மிஞ்சியிருக்கும்.

மத்தியானம் புல்தரையில் பெட்ஷீட்டை விரித்துச் சாப்பிட்டார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, அவித்த முட்டை, அன்னக்கொடி கொண்டுவந்திருந்த சீடை. அழகம்மாள் எல்லாருக்கும் பரிமாறினாள். கணவனுக்கு மூத்தவரான விருமாண்டிக்கு எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டதும் இல்லை, முகம் பார்த்துப் பேசியதும் இல்லை.

"சோறு நல்லாருக்கு தாயி" என்றார் அவர், இலையைப் பார்த்தபடி.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா மாமா?"

"போதும். பிள்ளைகளுக்கு வை."

சாப்பிட்டு முடித்ததும் மலையாண்டி சறுக்கு மரத்துக்கு ஓடினான். பவுனும் பின்னால் ஓடப் பார்த்தாள். வேலுத்தாய் அவள் கவுனைப் பிடித்து நிறுத்தினாள். "நீ போகக்கூடாது. இங்கயே இரு."

"அக்கா, விடு."

"மாட்டேன்."

காலையிலிருந்து இப்படித்தான். வேலுத்தாய் ஊஞ்சலில் ஏறவில்லை, ரயிலில் ஏறவில்லை. பவுனு போகிற இடத்துக்கெல்லாம் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். விருமாண்டி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஏன் தாயி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு நீ ஒண்ணுலயும் ஏறலையே. அவளைப் பெரியம்மா பாத்துக்கிருவா. நீ போய் விளையாடு."

வேலுத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள். கையை முன்னால் கோத்துக்கொண்டு, வாத்தியாரிடம் பாடம் ஒப்பிப்பதுபோல நின்றாள்.

"பெரியப்பா, பவுனுக்குப் பதிலா என்னையக் கூட்டிட்டுப் போங்க."



"எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். வாசல் தெளிப்பேன். ஆடு மேய்க்கவும் பழகிக்கிருவேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா. ராத்திரில எந்திரிச்சா பயந்துக்கிருவா. நான் பயப்பட மாட்டேன்."

சொல்லி முடிக்கும்வரை அவள் கோத்த கையைப் பிரிக்கவில்லை. அழவும் இல்லை.

விருமாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தம்பியைப் பார்த்தார். சோணைமுத்து எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததையே திரும்ப மடித்தான்.

"போ தாயி. போய் விளையாடு" என்றார் விருமாண்டி மறுபடியும்.

அன்னக்கொடி எழுந்தாள். யாரிடமும் சொல்லாமல் ஆற்றுப் பாலத்தை நோக்கி நடந்தாள். கொஞ்சநேரம் பொறுத்து அழகம்மாளும் எழுந்து போனாள்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அன்னக்கொடி நின்றாள். கீழே தண்ணீர் நுரைத்து ஓடியது. சாரல் முகத்தில் பட்டது.

"பிள்ளைககிட்டச் சொல்லிருக்கியே அழகு. சின்னப் பிள்ளைககிட்ட இதெல்லாம் எதுக்குச் சொன்ன?"

"நான் சொல்லல அக்கா. அது காதுல விழுந்திருக்கு. எனக்கே வியாழக்கிழமதான் தெரியும்."

அன்னக்கொடி திரும்பினாள். "எது வியாழக்கிழமை தெரியும்?"

"பிள்ளையை உங்களுக்குக் குடுக்குறதாச் சொல்லு குடுத்தது."

"நீ சம்மதிச்சுட்டேன்னு சொன்னாரே."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரருதான். மூணு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்காரு. அழகு சம்மதிச்சுட்டா, பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பள்ளிக்கூடத்துல சேக்குற வயசுல அவளே கொண்டாந்து விடுவான்னு. உன் புருசன் அப்படித்தான் சொல்லிருக்காரு. அதை நம்பித்தான் நான் அன்னைக்கு வாயத் தொறக்காமப் பிள்ளையைக் குடுத்தேன்."

"என்னைய யாரு அக்கா கேட்டா? மூச்சு விட முடியாமக் கெடந்தேன். அப்பவும் கேக்கல. வீட்டுக்கு வந்த பின்னாலயும் கேக்கல."

பின்னால் யாரோ ஒரு குடும்பம் பலூன் வாங்கிக்கொண்டு சிரித்தபடி கடந்து போனது.

"என்னைய மட்டும் கேட்டாங்களா?" என்றாள் அன்னக்கொடி. "பிள்ளையைத் தூக்கிட்டு வரும்போது, இது உனக்குத்தான்னு சொன்னாங்க. அப்புறம் ஒரு நாள், குடுத்துருன்னாங்க. குடுத்தேன். ரெண்டு மாசம் பாயை விட்டு எந்திரிக்கல. இப்ப, மறுபடி வருதுன்னாங்க. வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்."

அழகம்மாள் அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை காய்த்துக் கரடாக இருந்தது. இந்தக் கைதான் பவுனுக்குப் பால் புகட்டியது.

"அக்கா, நான் என்ன செய்ய, சொல்லுங்க. நீங்க இல்லைன்னா அந்தப் பிள்ளையே இல்லை. அது எனக்குத் தெரியாம இல்லை."

அன்னக்கொடி கண்ணைத் தாழ்த்தாமல் அவளைப் பார்த்துச் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லுன்னு எங்கிட்டக் கேக்காத. எனக்கு அம்புட்டுத் தெம்பு இல்லை. நீ குடுத்தா நான் வாங்கிக்கிருவேன். நீ அழுதாலும் வாங்கிக்கிருவேன். அதனால, குடுக்க மனசில்லைன்னா நீதான் வாயத் தொறக்கணும். ஆம்பளைக முகத்தைப் பாத்து நீதான் சொல்லணும்."

சாயங்காலம் விளக்குப் போட்டார்கள். நீரூற்றுகள் சிவப்பும் பச்சையுமாக எழும்பின. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மலையாண்டி கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. பவுனு நின்றபடியே தூங்கி விழுந்தாள். சோணைமுத்துவின் திட்டம் அந்த மட்டில் சரியாகவே நடந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் குறைவாக இருந்தது. ஆண்டிபட்டியில் ஏறியதும் அழகம்மாளும் அன்னக்கொடியும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பவுனு அன்னக்கொடியின் மடியில் தூங்கினாள். அடுத்த பக்கச் சீட்டில் விருமாண்டியும் சோணைமுத்துவும். பெரிய பிள்ளைகள் இருவரும் முன்சீட்டில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். வேலுத்தாய் மட்டும் தூங்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியாகத் தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கணவாயை ஏறி இறங்கி, பஸ் சமவெளிக்கு வந்தது. இருட்டில் தூரத்தில் உசிலம்பட்டி வெளிச்சம் தெரிந்தது.

அழகம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ரத்தமாக இருமிக் கிடந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"மாமா" என்றாள்.

விருமாண்டி திரும்பினார். இத்தனை வருடத்தில் அவள் அவரைத் தானாக அழைத்தது இதுதான் முதல் தடவை.

"பிள்ளையை நான் குடுக்கல மாமா."

பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவள் இன்னொரு முறையும் சொன்னாள். "பவுனை நான் குடுக்கல. நீங்க செஞ்சதுக்கு என் தோலைச் செருப்பாத் தச்சுப் போட்டாலும் ஈடாகாது. எப்ப வேணாலும் வாங்க, எப்ப வேணாலும் கூட்டிட்டுப் போயி வச்சிருங்க. ஆனா அவ எங்கிட்டத் திரும்பி வரணும். எங்க வீட்டுப் பிள்ளையாத்தான் வளரணும்."

விருமாண்டி தம்பியிடம் திரும்பினார்.

"முத்து. நீ எனக்குச் சொல்லு குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேண்ணே."

"உம் பொண்டாட்டி சம்மதிச்சுட்டான்னு சொன்னியா, இல்லையா?"

சோணைமுத்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்திருந்தான். "சொன்னேண்ணே."

"அவகிட்டக் கேட்டியா?"

சோணைமுத்து நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டான்.

"நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் விருமாண்டி. குரலை உயர்த்தவில்லை. "என் மக வாரான்னு சொல்லிட்டேன். இப்ப என்னத்தைச் சொல்ல?"

பஸ் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பி நின்றது. வறுகடலை விற்கிறவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள். விருமாண்டி எழுந்து, யாரையும் பார்க்காமல், விறுவிறுவென்று இறங்கிப் போனார். மனைவி பின்னால் வருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை.

"அண்ணே, நில்லுங்கண்ணே. ஒரு வார்த்தை கேளுங்க." சோணைமுத்து பின்னாலேயே குதித்து ஓடினான்.

கடலை வண்டிக்குப் பக்கத்தில் அண்ணனின் கையைப் பிடித்தான். அவர் உதறினார். மறுபடி பிடித்தான். கேஸ் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேருடைய கையும் ஆடுவது தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் சோணைமுத்து குனிந்து அண்ணனின் காலைத் தொடப் போனான். அவர் நகர்ந்துகொண்டார்.

அழகம்மாள் பிள்ளையை வாங்கிக்கொள்வதற்காகத் திரும்பினாள்.

அன்னக்கொடி எழவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு, நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

"அக்கா, உசிலம்பட்டி வந்துருச்சு."

"தெரியும்."

கண்டக்டர் பின்னாலிருந்து வந்தான். "இங்க இறங்குறவங்கதானம்மா நீங்க? வண்டி எடுக்கணும்."

அன்னக்கொடி இடுப்புச் சுருக்குப்பையை ஒற்றைக் கையால் அவிழ்த்தாள்.

"மதுரைக்கு ஒரு டிக்கெட்டுக் குடுங்க தம்பி."

அழகம்மாளுக்கு முதலில் புரியவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் அடித்தான். பஸ் நகர்ந்தது.

சத்தம் கேட்டு விருமாண்டி திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குள் மனைவியின் முகம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார். சோணைமுத்து நாலு எட்டு ஓடிவந்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான், நின்றுவிட்டான்.

"அம்மா, அப்பாவை விட்டுட்டுப் போறாங்க" என்று மலையாண்டி எழுந்து நின்று அலறினான். "நிப்பாட்டச் சொல்லும்மா."

அழகம்மாள் கண்டக்டரைக் கூப்பிட வாயெடுத்தாள். பிறகு கூப்பிடவில்லை. "உக்காரு. அப்பா பெரியப்பாகூட இருந்துட்டு வருவாரு" என்றாள். பேச வேண்டியதை அவர்கள் இரண்டு பேரும் இன்றைக்காவது பேசட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ் ஊரைத் தாண்டி இருட்டுக்குள் போனது. குளிர்காற்று அடித்தது. அழகம்மாள் ஜன்னல் ஷட்டரை இறக்கினாள்.

"மாமா கோவிச்சுக்கிருவாரே அக்கா."

"கோவிக்கட்டும். பதினெட்டு வயசுல அவரு பின்னால நடக்க ஆரம்பிச்சேன். இன்னைக்கு ஒரு நாள் எந்திரிக்க முடியல." அன்னக்கொடி மூக்கை உறிஞ்சினாள். "குடுக்க வேணாம் அழகு. நீ சொன்னது சரி. குடுக்க வேணாம். எனக்கு இப்ப இந்தக் கையை எடுக்க முடியல, அவ்வளவுதான்."

அழகம்மாள் யோசித்தாள். வில்லாபுரத்து வீட்டில் ஒரே அறை. ஒரு அடுப்படி. பவுனு காலையில் கண்விழித்து, இரண்டு பேரில் யாரிடம் முதலில் ஓடுவாள்? வேண்டாம் என்று சொல்ல இந்த முறை அவளுக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

"வாங்கக்கா. நம்ம வீடுதான்" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "ஆனா பிள்ளை எம் பக்கத்துலதான் படுக்கும்" என்றாள்.

"சரி."

"சொல்லிட்டேன்."

"சரிங்கிறேன்ல."

முன்சீட்டில் வேலுத்தாய் ஒருவழியாகத் தூங்கிப்போயிருந்தாள். பிடித்திருந்த தங்கச்சியின் கால் அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. பஸ் செக்கானூரணியில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது.

"கை வலிக்கும். குடுங்க அக்கா, நான் வச்சுக்கிறேன்" என்று அழகம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள்.

அன்னக்கொடி நீட்டிய கைகளைப் பார்த்தாள். பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"மதுரை வரட்டும்" என்றாள்.